எஃப்1 அழுத்த ஆள் இல்லாத இடம்

அசெம்பிள் பண்ணின கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் பல நேரம் முதலில் வந்து நின்ற பெயர் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ், சுருக்கமாக ஏ.எம்.ஐ. பிரவுசிங் சென்டர் காலத்துப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். கம்ப்யூட்டரைச் செய்த கம்பெனியே அதுதான் என்று நினைத்தவர்கள் உண்டு. 1985-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அதைத் தொடங்கியவர்கள் சுப்பிரமணியன் சங்கரும் பாட் சர்மாவும். முதல் வாடிக்கையாளர் பிசிஸ் லிமிடெட் என்ற சின்னக் கம்பெனி. பின்னாளில் டெல் ஆனது அதுதான். ஏ.எம்.ஐ.க்குச் சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. ஆக, தைவான் போர்டில் ஏறி எங்கள் ஊர் சுரண்டைக்கு வந்து சேர்கிற, பயாஸ் என்ற அந்த முதல் நிரலில் நம் பக்கத்துப் பிள்ளைகளின் கையும் உண்டு. மத்தளம்பாறையில் 2011-இல் சோஹோ வந்த பிறகு இந்த வட்டாரத்தில் சாஃப்ட்வேர் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. ஆனால் அந்தப் பேச்சில் பயாஸ் வராது. அது ஓடாவிட்டால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும்.

*

ஆன் செய்த அந்த நொடியில் கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே தெரியாது. ரேம் எவ்வளவு இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்பதுகூட. இன்டெல் பிராசசர்கள் கண் விழித்ததும் 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே இருக்கிற ஒரு முகவரிக்குப் போய் அங்கே எழுதியிருப்பதைச் செய்யத் தொடங்கும். அந்த முகவரி போய்ச் சேர்வது மதர்போர்டின் மூலையில் இருக்கிற எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பில். ரேம் தயாராகும் வரை பிராசசருக்குள் இருக்கிற கேஷையே தற்காலிக நினைவகமாக வைத்துக்கொண்டு வேலை நடக்கும். இருட்டு வீட்டுக்குள் நுழைந்து சுவரைத் தடவி சுவிட்சைத் தேடுவது மாதிரியான நேரம் அது.

ரேமைத் தயார் செய்வதுதான் இதில் கடினமான வேலை. போர்டிலிருந்து ரேமுக்குப் போகிற ஒவ்வொரு கம்பித் தடத்துக்கும் எவ்வளவு தாமதம் கொடுத்தால் பிட் சரியாக வந்து சேரும் என்று எழுதிப் பார்த்து, படித்துப் பார்த்து, கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை கண்டுபிடித்ததைச் சேமித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை சீக்கிரம் எழும். டி.டி.ஆர்.5 போர்டுகள் வந்த புதிதில் முதல் ஆனுக்குத் திரையே வராமல் சில நிமிடம் கறுப்பாகக் கிடக்கும். போர்டு டெட் என்று கழற்றித் திருப்பி அனுப்பியவர்கள் பலர். கொஞ்சம் பொறுத்திருந்தால் வந்திருக்கும். “வேலை நடக்கிறது” என்று சொல்ல ஒரு சின்ன விளக்கு போதும். பல போர்டுகளில் அதுவும் கிடையாது.

*

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற சிநேகிதர் கடையில் உட்கார்ந்திருக்கும்போது அதிகம் காதில் விழுவது “நோ டிஸ்ப்ளே”. முதல் வைத்தியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்ப மாட்டுவது. பாதிக்கு மேல் அதிலேயே உயிர் வந்துவிடும். சாரல் மாதங்களில் இந்த வேலை கூடுதல். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு அந்த ஈரக்காற்று சுகம், மதர்போர்டுக்கு இல்லை.

பழைய ஏ.எம்.ஐ. பயாஸ் பீப் அடித்துச் சொல்லும். மூன்று பீப் என்றால் அடிப்படை மெமரியில் கோளாறு. எட்டு என்றால் டிஸ்ப்ளே மெமரி. ஒன்பது என்றால் பயாஸ் சிப்பில் இருப்பதே கூட்டிப் பார்த்தால் சரியாக வரவில்லை என்று அர்த்தம். இப்போது வருகிற கேபினெட்டுகளில் அந்தக் குட்டி ஸ்பீக்கரையே வைப்பதில்லை. சில ரூபாய்ச் சாமானை மிச்சம் பிடித்து, மெக்கானிக்கின் காதை அடைத்துவிட்டார்கள்.

மிச்சம் இருப்பது டீபக் கார்டு. இரண்டு இலக்கம் காட்டும் சின்ன அட்டை. பயாஸ் தான் செய்கிற ஒவ்வொரு படியிலும் ஒரு எண்ணை 80 என்ற போர்ட்டுக்கு அனுப்பிக்கொண்டே போகும். எந்த எண்ணில் நின்றுபோகிறதோ அங்கேதான் சங்கதி. ஐ.பி.எம். கால வழக்கம் இது. இன்றைக்கும் செத்துப்போகவில்லை. இவ்வளவு எளிமையான ஒன்று இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், அது ஓட வேறு எதுவும் ஓட வேண்டியதில்லை என்பதுதான்.

*

கீபோர்டு இல்லை, தொடர எஃப்1 அழுத்தவும். இந்த வரியைப் பார்த்துச் சிரிக்காத கம்ப்யூட்டர்காரர் கிடையாது. ஆனால் ரான் மின்னிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களைக் கோத்து ஒரே எந்திரமாக ஓட்டுகிற வேலை அவருடையது. அலமாரி அலமாரியாக நிற்கிற பெட்டிகளில் எதற்கும் கீபோர்டும் இல்லை, திரையும் இல்லை. ஏதாவது ஒன்றில் பயாஸ் சிணுங்கினால் யாராவது கீபோர்டையும் மானிட்டரையும் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சொருக வேண்டும். பயாஸ் செய்தவர்கள் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார் என்றே எண்ணிச் செய்திருந்தார்கள். 1999-இல் அவர் லினக்ஸ்பயாஸைத் தொடங்கினார்: தேவையான அளவுக்கு மட்டும் ஹார்டுவேரை எழுப்பிவிட்டு மற்றதை லினக்ஸிடம் ஒப்படைப்பது. 2008-இல் அதற்கு கோர்பூட் என்று பெயர் மாறியது. குரோம்புக் லேப்டாப்களில் ஓடுவது அதன் வாரிசுதான்.

எதிரே ஆள் இல்லை. நான் எழுதுகிற நிரலுக்கும் அதே கதை. ஊருக்கு வெளியே கிணற்றடியில், தகரப் பெட்டிக்குள், மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன போர்டு. உள்ளே சிம் கார்டு. விவசாயி வீட்டிலிருந்து போன் அடித்தால் மோட்டார் ஓடும், நிற்கும். எஃப்1 அழுத்த அங்கே யார் போவது? ராத்திரி இரண்டு மணிக்கு, பாம்பு நடமாட்டம் உள்ள வரப்பில்?

*

கோர்பூட்டில் எனக்குப் பிடித்த ஏற்பாடு: ஒரே சிப்பில் இரண்டு பிரதி. ஒன்று வழக்கமாக ஓடுவது, மற்றது ஆபத்துக்கு. ஒரு எண்ணி. வழக்கமான பிரதியை ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அந்த எண்ணியை ஒன்று கூட்டிவைக்கும். சிஸ்டம் முழுதாக எழுந்து நின்ற பிறகு அதைச் சைபராக்கிவிட வேண்டும். சைபராக்க ஆளில்லாமல் எண்ணிக்கை மூன்றைத் தாண்டினால், வழக்கமானது சரியில்லை என்று முடிவு கட்டி ஆபத்துப் பிரதிக்குத் தாவும்.

காகிதத்தில் அழகாக இருக்கிறது. சுரண்டைக்கு ஆகாது. ஏன் என்றால் இந்த எண்ணிக்குக் கரன்ட் போனதும், நிரல் மயங்கி விழுந்ததும் ஒன்றுதான். ஆடிக் காற்றில் லைன் ஆடி, கரன்ட் வந்து போய், வந்து போய், ஒரு நிமிடத்துக்குள் நாலு தடவை அடித்தால், ஒரு பிழையும் இல்லாத ஃபர்ம்வேர் மேல் பழி விழும். சுற்றிலும் காற்றாலை நிற்கிற ஊர். காற்று மின்சாரத்தைக் கொடுக்கிறது, லைனில் கிளையைப் போட்டு அதைப் பறிக்கவும் செய்கிறது.

சின்ன போர்டுகளை எழுப்புகிற யு-பூட் நிரலை எழுதிய ஜெர்மானியர் வொல்ஃப்காங் டெங்க் இதை முன்பே யோசித்திருக்கிறார். அவருடைய எண்ணி, கரன்ட் போய்ப் புதிதாக வந்தால் ஒன்றிலிருந்து தொடங்கும். கரன்ட் இருக்கும்போதே ரீபூட் ஆனால்தான் மேலே ஏறும். எண்ணியை ஃபிளாஷில் எழுதி வைக்கிற முறைக்கு வந்தால் இந்தச் சலுகை போய்விடும். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: புது அப்டேட் ஒன்று சோதனையில் இருக்கிறது என்று கொடி நட்டிருந்தால் மட்டும் எண்ணு, இல்லாவிட்டால் சும்மா இரு. வருடத்தில் 360 நாளைக்கு எண்ணியே தேவையில்லை என்பது இதற்குள் இருக்கிற அறிவு.

இன்னொன்றும் உண்டு. இப்போதைய சின்னக் கன்ட்ரோலர் சிப்களிடம் “நீ ஏன் எழுந்தாய்?” என்று கேட்கலாம். கரன்ட் வந்ததாலா, நிரல் மயங்கியதைப் பார்த்து வாட்ச்டாக் உதைத்ததாலா, வோல்டேஜ் தாழ்ந்ததாலா என்று தனித்தனி பிட் வைத்திருக்கும். படித்துவிட்டு அழித்துவிட வேண்டும், அவ்வளவுதான். பலர் படிப்பதே இல்லை.

*

வோல்டேஜ் தாழ்வது பற்றி.

கரன்ட் ஒரேயடியாகப் போனால் ஃபர்ம்வேருக்கு நல்லது. பாதி உயிரோடு இருப்பதுதான் கெடுதல். பக்கத்துத் தோட்டத்தில் பத்து குதிரைத்திறன் மோட்டார் எழும்பும்போது லைன் அமுங்கும். டியூப் லைட் கண் சிமிட்டும். அந்த நேரத்தில் சிப் ஃபிளாஷில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் பிட் முழுதாகப் பதியாது. இன்றைக்கு 1 என்று படிப்பது நாளை வெயிலில் 0 ஆகும். பிராசசரும் குறைந்த வோல்டேஜில் தப்பான இடத்துக்குத் தாவி, எழுதக் கூடாத இடத்தில் எழுதிவிடும். இதற்குத்தான் பிரவுன்-அவுட் என்று ஒரு காவல்: குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் சிப்பை ரீசெட்டில் பிடித்து அமுக்கி வைத்திருக்கும். பல சிப்களில் அதைத் தேவையான அளவுக்கு நாமேதான் செட் பண்ண வேண்டும். பெங்களூருவில் ஏ.சி. அறையில் சோதித்து அனுப்பின போர்டு இங்கே வந்து ஏன் படுக்கிறது என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

*

1999 ஏப்ரல் 26. சி.ஐ.எச். வைரஸ் வெடித்த நாள். எழுதியவர் தைவான் மாணவர் சென் இங்-ஹாவ். அதற்கு முன் வைரஸ் என்றால் ஹார்டு டிஸ்கை அழிக்கும், ஃபார்மட் அடித்து மீண்டுவிடலாம். இது பயாஸ் சிப்பிலேயே குப்பையை எழுதியது. பயாஸை வீட்டிலிருந்தே புதுப்பித்துக்கொள்ளலாம் என்று செய்து கொடுத்த வசதிதான் அதற்கு வாசலாக இருந்தது. அந்தக் காலத்தில் சிப் சாக்கெட்டில் சொருகியிருக்கும். பிடுங்கி வேறு மாட்ட முடிந்தது. இப்போது எல்லாம் ஈயம் வைத்து ஒட்டியது. கிகாபைட் போன்றவர்கள் ஒரே போர்டில் இரண்டு பயாஸ் சிப் வைத்து விற்றார்கள்.

குரோம்புக்கில் இதைவிடச் சீராகச் செய்திருக்கிறார்கள். சிப்பில் ஒரு பகுதி எந்த நிரலாலும் எழுத முடியாதபடி பூட்டியது. மற்ற இரண்டு பகுதிகள் ஏ, பி. ஏ ஓடும்போது அப்டேட் பி-இல் போய் இறங்கும். அடுத்த முறை பி-ஐ ஓட்டிப் பார்க்கும், சரிவராவிட்டால் ஏ. இரண்டுமே போனாலும் எழுத முடியாத பகுதி எழுந்து “பென் டிரைவ் கொண்டா” என்று கேட்கும். பழைய மாடல்களில் அந்தப் பூட்டு, மதர்போர்டில் முறுக்கின ஒரு ஸ்க்ரூ. நிரலால் திறக்க முடியாது. மூடியைக் கழற்றி, கையால் திருகித்தான் எடுக்க வேண்டும். எந்த ரகசியக் குறியீட்டைவிடவும் அந்த ஸ்க்ரூவை நான் நம்புவேன்.

*

எழுத முடியாததே பாதுகாப்பு என்பதைக் கடைசி எல்லை வரைக்கும் கொண்டுபோனது நம் மின்னணு வாக்குப்பதிவு எந்திரம். 1982-இல் கேரளத்தில் பரவூர் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக வைத்துப் பார்த்தார்கள். பின்னால் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அதன் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்த்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் சுஜாதா. அதன் சிப்பில் நிரலை ஒரே ஒரு முறைதான் எழுத முடியும் என்பது தேர்தல் ஆணையம் திரும்பத் திரும்பச் சொல்கிற விஷயம். அப்டேட் கிடையாது. அப்டேட்டால் கெடுவதும் கிடையாது. ஆனால் உள்ளே ஒரு பிழை இருந்தால் அதுவும் ஆயுசுக்கும் அங்கேயே இருக்கும். வாக்கு எண்ணுவது மாதிரி வேலை மாறாத எந்திரத்துக்கு இந்தப் பேரம் சரி. சிம் கார்டும், டவரும், ரீசார்ஜும் வருடத்துக்கு வருடம் மாறுகிற என் கிணற்றுப் பெட்டிக்குச் சரிப்படாது.

*

மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாகச் சுரண்டை உபமின் நிலையத்தில் மின் விநியோகம் நிறுத்தம் என்று பேப்பரில் ஊர்ப் பெயர்களோடு போடுவார்கள். இதைப் பார்த்துவிட்டுத்தான் பயாஸ் அப்டேட் பண்ணலாமா என்று முடிவெடுக்க வேண்டும். சொல்லாமல் போகிற கரன்ட்டுக்கு எந்தப் பேப்பரும் உதவாது.

லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. சார்ஜர் சொருகியிருக்கிறதா, போதுமான சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அப்டேட் தொடங்கும். டெஸ்க்டாப்புக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவே தெரியாது. கீழே இருக்கிற யு.பி.எஸ். பேட்டரி புதிதா, ஊதிப்போய் இரண்டு நிமிடம்கூடத் தாங்காததா என்று மதர்போர்டுக்கு என்ன தெரியும்? விண்டோஸ் அப்டேட்டோடு சேர்ந்தே பயாஸ் அப்டேட்டும் வந்து இறங்குகிற காலம் இது. பில் போடுகிற கடைக்காரர் ராத்திரி ஷட்டரை இறக்கும்போது திரையில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். அண்ணாச்சிக்குப் பழக்கம், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார். காலையில் நோ டிஸ்ப்ளே.

“என்னத்த பண்ணினிய?”

“ஒண்ணும் பண்ணலப்பா. ராத்திரி நல்லாத்தான் இருந்துது. லைட்டை அணைச்சிட்டுப் போனேன்.”

“அணைச்சீயள்லா, அதான்.”

அண்ணாச்சி மேல் எனக்குக் குறை இல்லை. கடையை மூடும்போது மெயினை அணைப்பது நல்ல பழக்கம். கரன்ட் போனால் செத்துப்போகிற அப்டேட்டைச் செய்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பிரதி வைக்கிற வித்தை கைக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. சிப்பில் இடமும் இருக்கிறது, 16 எம்பி, 32 எம்பி என்று. மலிவு போர்டுகளில் அந்த இடத்தைக் கலர்ப் படத்துக்கும், மவுஸ் நகர்கிற மெனுவுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

*

படம் என்றதும் நினைவு வருகிறது. ஆன் ஆகும்போது தெரிகிற லோகோவை மாற்றிச் சொந்தப் படம் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு வருகிற கல்லூரிப் பையன்கள் இங்கேயும் உண்டு. 2023 டிசம்பரில் லோகோஃபெயில் என்று ஒன்றை பைனார்லி நிறுவனத்தார் வெளியிட்டார்கள்: லோகோ படத்தைத் திறந்து படிக்கிற நிரல் துண்டில் ஓட்டை, கோணலாகச் செய்த ஒரு படத்தை வைத்தே பயாஸுக்குள் புகுந்துவிடலாம். ஏ.எம்.ஐ., இன்சைட், ஃபீனிக்ஸ் மூன்று பேர் நிரலிலும் இருந்தது. எழுந்து நிற்கத் தேவையே இல்லாத ஒரு அலங்காரம், எழுந்து நிற்பதையே கெடுத்தது. அடுத்த ஜூலையில் அவர்களே இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். ஏ.எம்.ஐ. மாதிரிக்காகக் கொடுத்த சாவியை, “இதை நம்பாதீர்கள்” என்று அதன் மேலேயே எழுதியிருந்தும், பல கம்பெனிகள் மாற்றாமல் நூற்றுக்கணக்கான மாடல்களில் அப்படியே வைத்து விற்றிருந்தன. இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது.

*

கடையில் பயாஸ் அடிப்பதை இன்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். குறித்து வைக்கிறேன்.

புரோகிராமர் சி.எச்.341ஏ. கறுப்பு நிறம், சில நூறு ரூபாய், யு.எஸ்.பி.யில் சொருகுவது. அதிலிருந்து ஒரு பட்டை ஒயர், நுனியில் துணி காயப்போடும் கிளிப் போல எட்டுப் பல். சிப்பின் ஒரு முனையில் சின்னப் புள்ளி இருக்கும், அது ஒன்றாம் கால். சிவப்பு ஒயர் அங்கே வர வேண்டும். பேட்டரியைக் கழற்றியாயிற்றா என்று சிநேகிதர் இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.

அடுத்து உடனே எழுதவில்லை. இருப்பதைப் படித்தார். திரும்பவும் படித்தார். இரண்டு ஃபைலையும் ஒப்பிட்டு ஒன்றுபோல இருந்த பிறகே தலையாட்டினார். கிளிப் சரியாகக் கடிக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வரும். “கெட்டுப்போன பயாஸை எதுக்குப் பேக்கப்?” என்றேன்.

“கெட்டது ஒரு ஓரந்தான் அண்ணே. சீரியல் நம்பரு, விண்டோஸ் கீ, நெட்வொர்க் நம்பரு எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு. வேற போர்டு ஃபைலை அப்படியே அடிச்சா ஆன் ஆவும், ஆனா அது இந்த மிசினா இருக்காது. மொதல்ல எடுத்து வச்சுக்கிடுதேன், பொறவு ஒட்டிக்கிடலாம்.”

இந்தப் பதிலை எந்த அப்டேட் நிரல் எழுதுகிறவரும் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். நிரல் வேறு, அந்த எந்திரத்துக்கு மட்டுமே உரிய தகவல் வேறு. இரண்டையும் ஒரே சிப்பில், பக்கத்துப் பக்கத்தில், ஒரே எழுத்தில் அழிகிற மாதிரி வைத்தது யாருடைய யோசனையோ.

கறுப்பு சி.எச்.341ஏ-யில் ஒரு குறை: சிப்புக்குக் கொடுக்கிற கரன்ட் 3.3 வோல்ட், ஆனால் தகவல் போகிற கால்களில் 5 வோல்ட் ஏறிவிடும். பெரும்பாலான சிப் பொறுத்துக்கொள்ளும், சிலது பொறுக்காது. புது லேப்டாப்களில் 1.8 வோல்ட் சிப். அதற்கு இடையில் ஒரு அடாப்டர் வைக்காமல் கிளிப்பைக் கடிக்கவிட்டால் அவ்வளவுதான்.

இன்டெல் பூட் கார்டு போட்ட லேப்டாப்களில் இன்னொரு சங்கடம். கம்பெனியுடைய சாவியின் கைரேகை பிராசசர் பக்கத்திலேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கும். அந்தச் சாவியின் கையெழுத்து இல்லாத பயாஸை எழவே விடாது. திருடனுக்கு எதிராக வைத்தது. சரி. ஆனால் கம்பெனி அந்த மாடலைக் கைவிட்ட பிறகு ரிப்பேர்காரருக்கும், கோர்பூட் ஏற்ற நினைக்கிறவருக்கும் எதிராகவும் அதுவே நிற்கிறது. திரும்பி வருகிற பாதையின் சாவி, ஊரில் யார் கையிலும் இல்லை.

*

பில் கம்ப்யூட்டரில் தேதி 2009 என்று காட்டுகிறது, பேங்க் வெப்சைட் திறக்கவில்லை, ஜி.எஸ்.டி. போர்ட்டல் திறக்கவில்லை. காரணம் மதர்போர்டில் இருக்கிற இருபது, முப்பது ரூபாய் செல். சி.ஆர்.2032. மாற்றினால் தீர்ந்தது. செல் தீர்ந்தால் பயாஸும் தொடராமல் நின்று எஃப்1 கேட்கும் பழைய போர்டுகள் இன்னும் ஓடுகின்றன.

*

2013-இல் சில சாம்சங் லேப்டாப்களில் லினக்ஸ் போட்டவர்களுக்கு லேப்டாப் கல்லாகிவிட்டது. செட்டிங்ஸ் சேமிக்கிற சின்ன இடம் பாதிக்கு மேல் நிரம்பினால் அந்த ஃபர்ம்வேர் எழவே எழாது. மேத்யூ காரெட் நோண்டிப் பார்த்து, விண்டோஸிலிருந்தும் இதையே செய்ய முடியும் என்று காட்டினார். ஆக, குற்றவாளி லினக்ஸ் இல்லை.

இதையே செவ்வாய் கிரகத்தில் வைத்துப் பார்த்தது ஸ்பிரிட். 2004 ஜனவரியில் இறங்கிய நாசாவின் ரோவர். 21-ஆம் தேதியிலிருந்து சரியாகப் பேசவில்லை. ஃபிளாஷ் மெமரியில் ஃபைல்கள் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டன, எழும்போது அவற்றின் பட்டியலை ஏற்ற ரேமில் இடம் போதவில்லை, மயங்கி ரீபூட், எழுந்ததும் மறுபடி அதே பட்டியல். அறுபது தடவைக்கு மேல். ராத்திரி தூங்க வேண்டிய நேரத்திலும் தூங்காமல் பேட்டரியைத் தின்றது. காப்பாற்றியது ஒரே ஒரு கட்டளை: ஃபிளாஷைத் தொடாமல் எழு. அப்படி எழ ஒரு வழியை வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே வைத்திருந்தார்கள். பிறகு ஃபிளாஷை ஃபார்மட் அடித்து, 2010 மார்ச் வரை அது பேசிக்கொண்டிருந்தது. 90 செவ்வாய் நாளுக்குத் திட்டமிட்டு அனுப்பின வண்டி.

என் போர்டிலும் இதை வைத்துவிட்டேன். தொடர்ந்து வாட்ச்டாக் உதைத்தால் சேமித்த செட்டிங்ஸ் எதையும் படிக்காமல், சிப்பிலேயே எழுதி வைத்த அடிப்படை எண்களோடு எழும். ஒரே வேலை, டவரைப் பிடித்து “எனக்கு உடம்பு சரியில்லை” என்று மெசேஜ் அனுப்புவது. மோட்டாரைத் தொடாது.

*

ஆரியங்காவு தாண்டினால் புனலூர், அப்புறம் திருவனந்தபுரம். அங்கே இஸ்ரோவின் இனர்ஷியல் சிஸ்டம்ஸ் பிரிவு கேட்டு, சென்னை ஐ.ஐ.டி. தன் சக்தி பிராசசரை வைத்து ஐரிஸ் என்ற சிப்பைச் செய்தது. சண்டிகரை ஒட்டிய மொஹாலியில் வார்த்து, சென்னை சிர்மா எஸ்.ஜி.எஸ்.-இல் போர்டில் ஏற்றி, சென்னையிலேயே பூட் செய்து பார்த்தார்கள் என்று 2025 பிப்ரவரியில் அறிவிப்பு. பிழையைத் தாங்குகிற உள்நினைவகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் ஆர்வம் வேறு: சக்தியின் வடிவமைப்பு திறந்து கிடக்கிறது. விழித்தெழுகிற முதல் முகவரியிலிருந்து என்ன நடக்கிறது என்று சுரண்டை காமராஜர் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகூட உட்கார்ந்து படித்துப் பார்க்கலாம். இன்டெல்லில் அது முடியாது.

*

கிணற்றுப் போர்டுக்கு எம்.சி.யு.பூட் என்ற பூட்லோடரைப் போட்டிருக்கிறேன். பழையது, புதியது இரண்டையும் வைத்துக்கொண்டு இடம் மாற்றுகிறது. மாற்றும் நடுவில் கரன்ட் போனாலும் எங்கே விட்டதோ அங்கிருந்து தொடரும், அதைக் குறையே சொல்ல முடியாது. சிக்கல் அதற்கடுத்த படியில். புதியதை “சோதனை” என்று ஓட்டும். அது தன்னைச் சரி என்று தானே உறுதி செய்ய வேண்டும். செய்யாமல் ரீசெட் ஆனால் மறுபேச்சில்லாமல் பழையதற்குத் திரும்பிவிடும். ஒரே வாய்ப்பு. உறுதி செய்வதற்குள் கரன்ட் போனால் நல்ல அப்டேட்டும் போச்சு. அதனால் பவர் போய் வந்தது என்று சிப் சொன்னால் அதைத் தோல்வியாகக் கணக்கெடுக்காமல் இன்னொரு தரம் முயல விட்டிருக்கிறேன்.

எதைப் பார்த்து உறுதி செய்வது? எழுந்தவுடனே செய்தால், டவரோடு பேசத் தெரியாத நிரலும் தேறிவிடும். அதன்பின் திருத்தி அனுப்பவும் வழி கிடையாது, டவர் வழியாகத்தானே அனுப்ப வேண்டும். டவர் கிடைத்த பிறகுதான் உறுதி என்று வைத்தால், கரன்ட் இல்லாமல் டவரே படுத்துக் கிடக்கிற அன்றைக்கு நல்ல நிரல் மேல் பழி. டவர் இல்லையா, தன் நிரலில் கோளாறா என்று போர்டுக்குத் தெரியாது.

கடைசியில் எழுதியிருப்பது இது. அரைமணி நேரம் டவர் கிடைக்காவிட்டால் பழையதற்குத் திரும்பு. பழையதற்கும் அதே அரைமணி கொடு. அதற்குக் கிடைத்துவிட்டால் புதியதில்தான் கோளாறு. அங்கேயே இரு, மெசேஜ் அனுப்பு. அதற்கும் கிடைக்காவிட்டால் புதியதன் மேல் தப்பில்லை, டவர் வந்ததும் அதை இன்னொரு தரம் எழுப்பு. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது இது எதையும் செய்யாதே. புதியதற்குக் கொடுத்த அரைமணியில் டவர் படுத்து, பழையது எழுந்த நேரம் டவரும் எழுந்தால் தப்பான தீர்ப்பு வரும். அப்படி வந்தாலும் கிடைப்பது நேற்று வரை ஓடின நிரல். தண்ணீர் பாயும். அடுத்த நாள் மெசேஜைப் பார்த்துவிட்டு மறுபடி அனுப்பிக்கொள்கிறேன்.

வாங்க வேண்டியது: 1.8 வோல்ட் அடாப்டர், சி.ஆர்.2032 ஒரு பட்டை, டெஸ்ட் பெஞ்சுக்கு ஒரு டைமர் சுவிட்ச். கரன்ட்டை நானே கண்டபடி வெட்டி வெட்டிப் பார்க்க வேண்டும்.